மோடம் போட்ட மத்தியானம்

வெயிலைப் பற்றிப் பேசுவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில், ஒரு கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய மொபெட், அதன் முன்னால் தொங்கும் ரெக்சின் பை, பைக்குள் கோழி மருந்தும் என் மத்தியானச் சோறும். இரண்டும் சில நாள் கலந்துவிடும். உக்கடத்தில் குளத்தங்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அதற்கு முன்னால் கோழியோடு இருந்த பழக்கமெல்லாம் பிரியாணி அளவில்தான். உயிரோடு இருக்கும் கோழியை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இருவருக்கும் பெரிய மரியாதை ஒன்றும் ஏற்படவில்லை.

அந்தப் பக்கத்தில் அப்போதுதான் கோழி ஷெட்டுகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. இடமும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. கோழி எடைக்கு வந்ததும் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். வளர்ப்புக் கூலி பண்ணைக்காரருக்கு. கிணறு வற்றி, வெங்காயமும் பருத்தியும் கைவிட்டுப்போன குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். "மானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சதுதான் மிச்சமுங்க. கோழிக்கு மழையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று என்னிடம் சொல்லாத பண்ணைக்காரரே இல்லை. வானத்திடமிருந்து தப்பித்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதும் வேலையில் ஒரு பகுதி.

ஒவ்வொரு கோடையும் தொடங்குமுன் எங்களைக் கோவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கம்பெனியின் கால்நடை டாக்டர் வகுப்பு எடுப்பார். "வெறும் வெயிலை மட்டும் பார்க்காதீங்க. காத்துல ஈரம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. கோழிக்கு வேர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். காத்தே ஈரமா இருந்தா அந்த மூச்சு வாங்குறது வீண்" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும். நாங்கள் மைசூர்பாகு எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்வது என் பொறுப்பு. டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னால் பண்ணைக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். எனவே என் பாணியில் மாற்றினேன். "கோழிக்கு வேர்க்காதுங்க, எங்க மொதலாளி மாதிரி. என்ன பண்ணுனாலும் ஒரு சொட்டு வேர்வை வராது." சிரிப்பு பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்க வருவார்கள். வெயில் பேச்சு பேச வந்தவனைக் கல்யாண வீட்டுக்குப் பாட்டுக்காரனைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் மொதலாளி நினைவிருந்தார், ஈரக்காற்றுதான் நினைவில் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் கெட்டது வரப்போகிறது என்று சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட வேண்டும். பிறகு சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். அதன் பிறகு, போகிறபோக்கில், கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் பாம்பு நுழைந்ததைப் பார்த்தவர்கூட, "ஒண்ணுமில்லீங்க, உள்ள என்னுமோ போன மாதிரி இருந்துச்சுங்க, சித்தெ பாத்துக்குங்க" என்றுதான் சொல்வார். சாவு, நட்டம், அழிவு என்ற சொற்களை மற்றவர் வாசலில் வைத்து உச்சரிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மோடம் போட்டிருக்கும்போது, அதாவது மழைமேகம் கூடி நிற்கும்போது, கெட்ட வார்த்தை வாயில் வரவே கூடாது. வந்த மழை கோபித்துக்கொண்டு போய்விடுமாம். மழையைக் கண்டே நாளாகிவிட்ட ஊரில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பொறுப்பில் இருந்த பண்ணைகளில் ஒரு கணவன் மனைவியின் பண்ணை இருந்தது. கணவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நான் அண்ணா என்பேன். அந்த அம்மாவை அக்கா என்பேன். ஷெட் போட்டது அக்காவின் பிடிவாதத்தால். கல்யாணத்துக்கு முன்னால் அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்து, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். கிணறு வற்றியதும் அண்ணன், திருப்பூர் போய்விடலாம் என்றபோது, "நீங்க போறதுன்னாப் போங்க, நான் அந்த ஊருக்குள்ள இன்னொருக்கா மூச்சு விட வரமாட்டேன்" என்று சொல்லி, இருந்த மாடுகளை விற்று ஷெட் போட வைத்தார். கோழித்தூசி மட்டும் என்ன பன்னீரா என்று நான் கேட்டதற்கு, "இது நம்ம ஊட்டுத் தூசிங்க சார்" என்றார்.

முதல் பேட்ச் நன்றாக வந்தது. இரண்டாவது பேட்ச் ஐப்பசி மழையில் மாட்டியது. ஷெட்டின் பக்கவாட்டில் சுவர் இருக்காது, கம்பிவலைதான். வலை வழியாகச் சாரல் அடித்து, தரையில் பரப்பியிருந்த தேங்காய் மஞ்சி, அதாவது நார்த்தூள், நனைந்து, ரத்தக்கழிச்சல் வந்து பாதிக்கு மேல் போய்விட்டது. கம்பெனியிலிருந்து நான்தான் போய்ச் சொன்னேன்: இன்னொரு பேட்ச் இப்படிப் போனால் அடுத்த குஞ்சு கிடையாது. அதையும் எங்கள் முறைப்படிதான் சொன்னேன். ஆனால் அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப திருப்பூர்தான்னு சொல்றீங்க" என்றார். நான் டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

மூன்றாவது பேட்ச் சித்திரை வெயிலில் எடைக்கு வந்துகொண்டிருந்தது. லாரி வர இன்னும் சில நாள்தான். அந்தக் கோடையில் அக்கா ஷெட்டை வைத்திருந்த மாதிரி நான் எங்கும் பார்க்கவில்லை. கூரைமேல் தென்னந்தடுக்கு. வலையெங்கும் நனைத்த சாக்கு. பகல் முழுக்கத் தீவனத்தை எடுத்துவிடுவார்; இரை செரிக்கும்போது கோழிக்கு உடம்பு சுடும் என்று நான் என்றைக்கோ சொன்னதை நினைவில் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். நான் வானத்தைப் பார்ப்பதற்குள் அவர் கையில் தண்ணீர்க்குடம் இருக்கும்.

அந்த நாள் காலையில் மோடம் போட்டது.

எத்தனையோ வாரமாகத் தகரம் மாதிரிக் காய்ந்து கிடந்த வானம், மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. ரோட்டோரத்தில் ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மொபெட்டில் போய்க்கொண்டிருந்த எனக்குச் சட்டை படபடத்தது, முகத்தில் காற்று அடித்தது, பாட்டு வந்தது. இன்றைக்குக் கோழிகளுக்கு லீவு, எனக்கும் லீவு என்று நினைத்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் எப்போதும் காற்று அடிக்கத்தான் செய்யும் என்பது, வெயிலைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவனுக்குத் தோன்றவில்லை. பல வருஷம் நான் தட்பவெப்பத்தை அளந்தது மொபெட் மேல் உட்கார்ந்துதான்.

முதலில் போனது நெடுஞ்சாலை ஓரத்துப் பண்ணை. வண்டியை நிறுத்தி ஷெட்டுக்குள் குனிந்து நுழைந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தேன். துடைத்த இடத்திலேயே மறுபடி வேர்த்தது. மறுபடி துடைத்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இலைகூட அசையவில்லை. கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைப் பிளந்து, தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று எழுந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிற மாதிரிப் போய், பாதியில் மல்லாந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பண்ணைக்காரர், "என்னங்க சார் இது, வெயிலே இல்லியே" என்றார். டாக்டரின் மின்விசிறியும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த என் முகமும் அப்போது நினைவுக்கு வந்தன. காற்று வர, வலையில் இருக்கிற சாக்கையெல்லாம் கழற்றி எறியச் சொல்லிவிட்டு, மொபெட்டை அக்காவின் பண்ணைக்குத் திருப்பினேன்.

அங்கே ஏறக்குறைய திருவிழா. வாசல் வேம்படியில் கயிற்றுக் கட்டிலில் அண்ணனின் பெரியப்பா மகன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், என் வெயில் பேச்சுக்கு முன்வரிசை ரசிகர். அண்ணன் ஏணிமேல் நின்று ஷெட்டின் மேற்குப் பக்கம் முழுக்கச் சாக்குப் படுதாவை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் ஏற்கனவே இறக்கியாயிற்று. அக்கா உள்ளேயிருந்து காலித் தீவனக் கூடையோடு வந்தார்.

"வாங்க சார். பாவமுங்க, இத்தன நாளாப் பகல்ல பட்டினியாக் கெடந்துச்சுங்க. இன்னைக்காவது குளுகுளுன்னு தின்னட்டும்னு நெறையாப் போட்டேனுங்க."

வயிறு நிறைந்த கோழி, காற்று நுழையாத ஷெட், ஈரமான மத்தியானம். டாக்டர் கரும்பலகையில் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்.

"ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்று தொடங்கினேன். பழக்க தோஷம். "இருந்தாலும் படுதாவைச் சித்தெ தூக்கி வெச்சுட்டா நல்லதுங்க. தீவனத்தையும் எடுத்துட்டா நல்லதுங்க."

"செரிங்க, பாத்துக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுத்த முடிச்சைப் போட்டார்.

"அண்ணா, இப்பவே தூக்கோணுமுங்க. காத்துல ஈரம் இருக்குதுங்க. கோழிக்கு வேர்க்காதில்லீங்களா..."

கட்டிலில் இருந்தவர் துள்ளி உட்கார்ந்தார். "அதான், அதான். மொதலாளி மாதிரி. அதைச் சொல்லுங்க சார் இன்னொருக்கா. நேத்து எம்பட மச்சானுக்குச் சொன்னேன், எனக்கு அந்த மாதிரி வருலீங்க."

அண்ணன் ஏணியிலிருந்து சிரித்தார். அக்காவும் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றதைக்கூட நகைச்சுவையின் ஒரு பகுதியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்வதுதான் என் வழக்கம்.

"வெளையாட்டில்லீங்க அண்ணா. ரோட்டோரப் பண்ணையில இப்பத்தான் கண்ணு முன்னால உளுந்துச்சுங்க."

"அவன் கோழிக்குத் தண்ணி வெச்சிருக்கமாட்டான்" என்றார் கட்டில்காரர்.

அண்ணன் இறங்கி வந்தார். "சார், போன தடவ சாரல்ல மஞ்சி நனைஞ்சுதானுங்க எல்லாம் போச்சு. நீங்கதானுங்களே வந்து சொன்னீங்க, மோடம் போட்டா மொதல் வேலையாப் படுதாவை எறக்கிப்போடோணும்னு? அதத்தானுங்க செய்யறேன்."

சொன்னேன்தான். ஐப்பசியில் சொன்னேன். என் பேச்சுகளில் சிரிப்பு வராமல், அதனாலேயே மனதில் பதிந்த ஒன்று அதுதான். அவருக்குத் தெரிந்த சாவு நனைந்த மஞ்சியில் வந்தது. அதன் நாற்றம், நிறம், அள்ளிப்போட்ட மண்வெட்டியின் கனம் எல்லாம் அவர் கையில் இருந்தன. நான் சொல்லும் சாவுக்கு ஒரு அடையாளமும் இல்லை. வெயில்கூட இல்லை.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "படுதாவைத் தூக்காட்டிப் பொழுதோட பாதிக் கோழி செத்துப்போயிருமுங்க."

அப்படிப்பட்ட வாக்கியத்தின் கடைசியிலும் மரியாதை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுவில் இருந்த சொல் விழுந்துவிட்டது. சிரிப்பு நின்றது. தூரத்தில் வானம் லேசாக உறுமியது. அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"என்ன வாக்குங்க இது" என்றார் கட்டில்காரர், மெதுவாக. "மோடம் கூடி நிக்கிற நேரத்துல. அடுத்தவன் வாசல்ல நின்னுட்டு."

அக்கா ஷெட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் உள்ளே நின்றார். வெளியே வந்தபோது ஒரு கை நெஞ்சில் இருந்தது. "எல்லாம் நல்லாத்தான் தின்னுட்டு இருக்குதுங்க" என்றார். உண்மைதான். கொத்தும் சத்தம் வாசல்வரை கேட்டது. அத்தனை கோழிகளும் சேர்ந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

ஆனாலும் அவர் அண்ணனிடம், "ஏனுங்க, ஒரு பக்கம் மட்டும் தூக்கி வெப்பமுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் எல்லாம் நின்றுகொண்டிருந்தது. பதில் சொன்னவர் கட்டில்காரர்.

"நல்லாருக்குது போ. எறக்குன படுதாவை மறுக்காத் தூக்குனா என்ன அர்த்தம்? மழை வராதுன்னு நாமளே சொல்ற மாதிரி. வாசல் வரைக்கும் வந்த ஒறம்பரையைக் கதவைச் சாத்தி அனுப்பறதா?"

ஒறம்பரை என்றால் விருந்தாளி. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் படுதாவைத் தொட்டிருக்க முடியாது. காப்பதற்கென்று இறக்கிய சாக்கு அந்த நொடியில் மழைக்கு விரித்த பாய் ஆகிவிட்டது. நானே போய் ஒரு முடிச்சை அவிழ்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து விலக்கினார், முரட்டுத்தனமாக இல்லை. "நீங்க கெளம்புங்க சார். டீ குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. வெசனப்படாதீங்க." எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு வந்த டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தது.

இன்னும் போகவேண்டிய பண்ணைகள் இருந்தன. போனேன். ஒரு பண்ணையில் மட்டும் படுதா இறக்கவில்லை. அந்த ஆள் விடிய விடியச் சீட்டாடிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தீவனமும் போடவில்லை. எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. அவர் கோழிகள் எல்லாம் பிழைத்தன. பிற்பாடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பு பற்றிச் சந்தேகம் கேட்க எல்லோரும் அவரிடம்தான் போனார்கள்.

பொழுது சாய்வதற்கு முன்பே அக்காவின் பண்ணைக்குத் திரும்பிவிட்டேன். வண்டி சத்தத்துக்கு யாரும் வெளியே வரவில்லை. அண்ணன் அரிவாளால் படுதாக் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கப் பொறுமையில்லை. சாக்குகள் கீழே குவிந்து கிடந்தன. உள்ளே அக்கா முறத்தால் விசிறியபடி, காலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு கோழியாக எழுப்பிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும் கோழிக்குக் கீழே சூடு தங்கும், எழுப்பி நடக்கவிட வேண்டும் என்பதும் நான் சொன்னதுதான். எழுந்தவை நாலடி வைத்து மறுபடி உட்கார்ந்தன. பிறகு உட்காரவும் முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தன. ஷெட்டின் நடுப்பகுதியில் தரை தெரியவில்லை. வெள்ளையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி இருந்தது. நானும் இறங்கினேன். அக்காவின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. வெளியே போங்க்கா என்றேன். கேட்கவில்லை.

அந்த நேரத்தில் கூரையில் பெரிய துளிகள் சில விழுந்தன. மண் வாசனை வந்தது. அண்ணன் அரிவாளோடு அப்படியே நின்று மேலே பார்த்தார். அவ்வளவுதான். மோடம் கிழக்கே நகர்ந்து போய்விட்டது. குனிந்து ஒரு கை மஞ்சியை அள்ளிப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி காய்ந்திருந்தது.

பாதி என்று சொல்லியிருந்தேன். அதற்கு மேலேயே போய்விட்டது.

மறுநாள் வெங்காயம் போட்டிருந்த காட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். பெரியப்பா மகன் மண்வெட்டியோடு வந்து கடைசிவரை வேலை செய்தார். அழுகிற மாதிரி முகம். ஆனால் நான் நின்ற பக்கம் வரவில்லை. குழியை மூடிய பிறகு அண்ணனிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாக: "எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. மோடம் நல்லாத்தான் கூடி வந்துச்சு. அந்த வாயைத் தொறந்ததுக்கப்புறம்தான் காத்து நின்னுது."

அத்தோடு ஊர் கணக்கை முடித்துவிட்டது. எனக்குக் கருநாக்கு. சொன்னால் பலிக்கும் நாக்கு. ரோட்டோர டீக்கடைக்காரர் வெட்கப்படாமல் கேட்டேவிட்டார், "சார், ஒருக்கா நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். "அக்கட்டால ஒரு புள்ளி தெரியுதுங்க" என்றார் ஒருவர். பிறகு தனியாக மொபெட் கண்ணாடியில் நானும் பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பட்டதாரியான நான் அதைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவை ஆபீசில் வேறு மாதிரி முடித்தார்கள். பண்ணைக்காரரின் அலட்சியம். அன்றைக்கு வெயிலே இல்லையே, அப்புறம் எப்படி வெயிலில் சாகும் என்று கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மொதலாளியின் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டார். அடுத்த குஞ்சு கிடையாது என்று முடிவாயிற்று. இந்த முறை அதைச் சொல்லப் போக எனக்குத் தெம்பில்லை. கடிதம் போட்டார்கள்.

அந்தக் கோடை முழுக்க என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. பண்ணைக்குப் போனால் வாசலிலேயே நாற்காலி வரும், டீ வரும், "நல்லா இருக்குதுங்க, எல்லாம் நல்லா இருக்குதுங்க, நீங்க ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்ற வேண்டுதல் வரும். ஷெட் பக்கம் விடமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு பேச்சும் பேசாமல் அண்ணாந்து வானத்தைப் பார்த்தால் போதும், ஆள் ஓடிப்போய்ப் படுதாவைத் தூக்குவார். டாக்டரின் வகுப்பும் என் நகைச்சுவையும் செய்யாத வேலையை ஒரு புள்ளி செய்தது. சாயந்தரம் அறைக்கு வந்து இதை நினைத்துச் சிரிக்கப் பார்ப்பேன். முறம் பிடித்த கை ஒன்று நினைவுக்கு வரும். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஆடி பிறப்பதற்கு முன் ஒரு நாள் அவர்களைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு பாய்ச்சுருள், ஸ்டவ், இரண்டு மூட்டை. திருப்பூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். தெரியாத மாதிரிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மொபெட் சரியாக அந்த இடம் பார்த்து நின்றுபோனது. அண்ணன் மூட்டைக் கயிற்றை இறுக்கத் தொடங்கினார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

அக்காதான் பக்கத்தில் வந்தார். நடந்து வந்த நாலடிக்கே மூச்சு வாங்கியது. மஞ்சித்தூசியில் அன்று கிளம்பிய இளைப்பு அடங்கவே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"உங்களாலதான் ஆச்சுன்னு நான் நெனைக்கலீங்க சார்" என்றார். "அன்னைக்கு நீங்க சொன்னதுக்கப்புறம் உள்ள போயி நின்னேனில்லீங்க, அப்ப எனக்கும் மூச்சு முட்டுச்சுங்க. கோழிக்கு முட்டறதுக்கு மின்னாடியே எனக்கு முட்டுச்சு. நமக்குத்தான் எப்பவும் முட்டுமே, இதென்ன புதுசுன்னு விட்டுப்போட்டேனுங்க."

தெரிந்தவரிடம் சொல்லி, நூல்தூசி இல்லாத வேலையாகக் கேட்கலாம், மூக்கில் துணி கட்டிக்கொள்ளலாம், ஆஸ்பத்திரியில் முதலில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியலே நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். அண்ணன் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கும்பிடுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வாக்கு பலிக்குதுன்னுதானுங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. நான் அங்க நல்லா இருப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சார். கேட்டுட்டுப் போறேன்."

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நம்பிக்கையும் முழுதாக இல்லை. கையில் வேறொன்றும் கிடைக்காதவர் கேட்கிற மாதிரி கேட்டார். பஸ் தூரத்தில் தெரிந்தது. அண்ணன்கூட என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருப்பீங்க்கா. ஒரு குறையும் வராதுங்க. மூச்செல்லாம் செரியாப் போயிரும்" என்றேன்.

வாழ்க்கையில் இவ்வளவு அழுத்தம் திருத்தமாக எதையும் சொன்னதில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அக்கா ஏறிய பிறகு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கண்டக்டர் உள்ளே போகச் சொன்னதும் போனார்.

திருப்பூர் அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவர் எந்தக் கம்பெனியில் சேர்ந்தார் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. நான் வேலையை விட்டு உக்கடம் திரும்பும்வரை அந்தப் பக்கமாகப் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கி விசாரிக்கவில்லை.